கேட்கும் நடிகை: லிவ் உல்மனின் மேடை வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

நார்வே நடிகை லிவ் உல்மன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு முகம். ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் படங்களில் திரையை முழுவதும் நிறைத்து நின்ற அந்த முகத்தைப் பற்றி உலகெங்கும் திரைப்பட விமர்சகர்கள் அரை நூற்றாண்டாக எழுதிவருகிறார்கள். 2022இல் அமெரிக்கத் திரைப்பட அகாதமி அவருக்குக் கௌரவ ஆஸ்கர் அளித்தபோதும் பேசப்பட்டது திரைப்பணிதான். ஆனால் அவருடைய தொழில் தொடங்கியது நார்வேயின் ஒரு சிறிய நகர நாடக அரங்கில். எழுபது வயதைக் கடந்தும் அவர் மேடை ஏறினார்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்த மேடை வாழ்க்கையை மட்டும். 1957இல் ஸ்டவாங்கரில் தொடங்கி 2010இல் அவர் ஏற்ற மேரி டைரோன் பாத்திரம் வரை வந்து நிற்கிறது. கேள்வி ஒன்றுதான்: வசனம் பேசாத நேரங்களில் இந்த அளவுக்குப் பேசும் நடிப்பு இவருக்கு எங்கிருந்து வந்தது? கேமராவிடமிருந்து என்பது பழகிப்போன பதில். அது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பின்னணி

லிவ் பிறந்தது டோக்கியோவில், 1938 டிசம்பர் 16 அன்று. தந்தை விமானப் பொறியாளர். வேலை நிமித்தம் குடும்பம் ஜப்பானில் இருந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்தியை மருத்துவமனைத் தாதி மன்னிப்புக் கேட்கும் குரலில் தாயிடம் சொன்னாராம். லிவ் தன்வரலாற்று நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபின் குடும்பம் கனடாவின் டொரொன்டோவுக்குப் போனது. நாடு கடந்து இயங்கிய நார்வே விமானப்படையின் பயிற்சி முகாம் அங்கேதான் இருந்தது. 'லிட்டில் நார்வே' என்று அதற்குப் பெயர். லிவ்வுக்கு ஆறு வயதாகும்போது தந்தை இறந்தார். யூதர்கள் தப்பிக்க உதவியதற்காகக் கைதான தாத்தா டாஹாவ் வதைமுகாமில் உயிர்விட்டார். போர் முடிந்ததும் தாயும் இரண்டு மகள்களும் ட்ரொன்ஹெய்முக்குத் திரும்பினார்கள்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லண்டன் போய் வெப்பர் டக்ளஸ் நாடகப் பள்ளியில் சில மாதங்கள் பயின்றார். ஒஸ்லோ அரசு நாடகப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை. அந்தப் பள்ளி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நார்வேயில் நடிகராக விரும்பும் இளைஞருக்கு முறையான வாசல் அது ஒன்றுதான். அது மூடியதால் அவர் பக்கவாட்டில் இருந்த கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அந்தத் தோல்வி நல்லதாகவே முடிந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அப்போது அது அப்படித் தெரிந்திருக்க வழியில்லை.

ஸ்டவாங்கர், 1957

ஸ்டவாங்கர் இன்று எண்ணெய்ப் பணத்தின் நகரம். 1957இல் வடகடல் எண்ணெயைப் பற்றி யாருக்கும் தெரியாது. அது மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலைகளின் ஊர். 35 லட்சம் பேர் கொண்ட நாட்டின் தென்மேற்கு மூலையில் இருந்த அந்த ஊரில் ரோகாலான்ட் தியேட்டர் என்ற நாடக அரங்கு இருந்தது. நாடகப் பள்ளி ஏற்காத பெண்ணை அந்த அரங்கு ஏற்றுக்கொண்டது. கொடுத்த பாத்திரம் ஆன் ஃபிராங்க், நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி.

அந்தப் பாத்திரம் ஒரு புதுமுகத்திடம் என்ன கேட்கிறது என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ஒரு மறைவிடத்தில் எட்டுப் பேர். பகலில் கீழே அலுவலகம் நடக்கிறது. காலணி போடக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, உரக்க மூச்சுவிடக் கூடாது. நாடகத்தின் பதற்றம் முழுவதும் வெளியிலிருந்து வரும் ஓசைகளில் இருக்கிறது. படிக்கட்டில் காலடி கேட்டதும் மேடையில் எல்லோரும் உறைந்துபோக வேண்டும். பேசிக்கொண்டே இருக்கும் துடுக்கான சிறுமி அவள். அவள் வாயை மூடும் கணங்களில்தான் பார்வையாளருக்குப் பயம் வருகிறது. நாடகம் பார்க்க வந்தவர்கள் ஐந்து ஆண்டு ஜெர்மன் ஆக்கிரமிப்பைக் கடந்தவர்கள். நார்வேயிலிருந்தும் யூதர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டிருந்தார்கள். நடிக்க வந்தவளின் தாத்தா முகாமில் இறந்தவர். ஒரு நடிகையின் தொடக்கம் இப்படி அமைவது அரிது.

ஊர் அவரைக் கொண்டாடியது. சிறிய குழு என்பதால் ஒரு பருவம் முடிவதற்குள் பல நாடகங்கள், பல வயதுப் பாத்திரங்கள். ஒரு நாடகம் மேடையில் இருக்கும்போதே அடுத்ததற்கு ஒத்திகை. இந்த உழைப்பைத் தரும் பள்ளி எதுவும் இல்லை.

க்ரூஷா

அடுத்து ஒஸ்லோ, டெட் நோர்ஸ்கே தியேட்டர். இந்த அரங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நார்வேயில் நார்வே மொழிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள். ஒன்று டேனிஷ் ஆட்சிக் காலத்து எழுத்து மொழியிலிருந்து வளர்ந்தது. நகரங்களுக்கும் படித்த வர்க்கத்துக்கும் உரியது. மற்றொன்றை 19ஆம் நூற்றாண்டில் ஈவார் ஆசென் கிராமம் கிராமமாக நடந்து, வட்டார வழக்குகளைச் சேர்த்து உருவாக்கினார். அதுதான் நியூநோர்ஸ்க். அந்த மொழிக்கென்றே 1913இல் தலைநகரில் திறக்கப்பட்டது டெட் நோர்ஸ்கே தியேட்டர். தலைநகரின் மேடையில் குடியானவன் பேச்சா என்று கொதித்தவர்கள் முதல் மாதங்களிலேயே அரங்குக்குள் விசிலடித்துக் கலவரம் செய்தார்கள். மக்கள் பேச்சுக்கு மேடையில் இடம் கேட்டு எழுந்த அரங்கு அது. அங்கே நடிக்கும் நடிகர் வசனத்தை அலங்காரமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்க முடியாது.

அங்கே 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'காகேசிய வெண்கட்டி வட்டம்' நாடகத்தை இயக்க வந்தவர் பீட்டர் பாலிட்ஷ். பெர்லினர் ஆன்சாம்பிள் குழுவில் பிரெக்டோடு நேரடியாக வேலை செய்தவர். பணிப்பெண் க்ரூஷா வேடம் லிவ்வுக்கு.

இந்த நாடகத்தின் முதல் பகுதியில் ஒரு காட்சி உண்டு. ஆளுநர் கொல்லப்பட்டுவிட்டார். ஆளுநரின் மனைவி உடைகளை அள்ளிக்கொண்டு ஓடும் அவசரத்தில் கைக்குழந்தையை விட்டுவிடுகிறாள். குழந்தையைத் தேடிப் படைவீரர்கள் வருவார்கள். அதைத் தொட்டவளுக்கும் சாவு. எல்லோரும் 'விட்டுவிட்டு வா' என்கிறார்கள். க்ரூஷா போகப் பார்க்கிறாள், நிற்கிறாள், குழந்தையின் பக்கத்தில் உட்கார்கிறாள். விடியும்வரை அப்படியே. கடைசியில் திருடியைப்போல அதைத் தூக்கிக்கொண்டு மறைகிறாள். இந்த நேரம் முழுவதும் அவளுக்கு வசனம் கிடையாது. ஓரத்தில் அமர்ந்திருக்கும் பாடகர் நடப்பதைச் சொல்லிக்கொண்டு போகிறார். நடிகை செய்து காட்ட வேண்டும்.

மரபான நடிகை இங்கே தாய்மையை முகத்தில் வரவழைத்துக் கண்ணீர் விடுவார். பிரெக்ட் வழி வந்த இயக்குநருக்கு அது உதவாது. அவருக்கு வேண்டியது செயல்: எப்போது எழுந்தாள், எத்தனை அடி வைத்தாள், எந்த ஓசை கேட்டுத் திரும்பினாள், போர்வையை எந்தக் கையால் இழுத்துவிட்டாள். நல்லது செய்வதற்கு முன் ஒருத்தி எவ்வளவு தயங்குகிறாள் என்பதைப் பார்வையாளர் கண்ணால் காண வேண்டும். லிவ் தன் தன்வரலாற்று நூலில் பாலிட்ஷிடம் கற்றதை நன்றியோடு நினைவுகூர்கிறார். உணர்ச்சியைக் காட்டுவதை விட்டு, ஒன்றைக் கேட்டு அதற்கேற்பச் செயல்படுவது என்ற பாடம் அவருக்கு இங்கேதான் உறுதிப்பட்டது என்பது என் கணிப்பு.

பெர்க்மன்: சுருக்கமாக

1965 கோடையில் பெர்க்மன் அவரை 'பெர்சோனா' படத்துக்கு அழைத்தார். அதில் லிவ் ஏற்ற எலிசபெத் வோக்லர் ஒரு நாடக நடிகை. 'எலெக்ட்ரா' நாடகத்தின் நடுவில் பேச்சை நிறுத்திவிடுபவள். தாதியாக வரும் பீபி ஆண்டர்சன் படம் முழுக்கப் பேசுகிறார், எலிசபெத் கேட்கிறாள். க்ரூஷாவின் காட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் பேச, மற்றவர் வாய் திறக்காமல் அந்தப் பேச்சுக்கு உடலால் பதில் சொல்லும் அதே அமைப்பு. கேமரா நெருங்கி வந்து அதைப் பதிவு செய்தது. அது அங்கே முன்பே இருந்தது.

பெர்க்மனோடு வாழ்ந்ததும், 1966இல் மகள் லின் பிறந்ததும், ஃபோரோ தீவின் ஆண்டுகளும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. இங்கே சொல்ல வேண்டியது ஒன்று: 1967இல் பெர்க்மன் ஒஸ்லோவின் தேசிய நாடக அரங்குக்கு வந்து பிராண்டெல்லோவின் 'ஆசிரியரைத் தேடும் ஆறு பாத்திரங்கள்' நாடகத்தை இயக்கினார். அதில் லிவ் நடித்தார். திரைப்படப் புகழ் வந்த பிறகும் அவர் நார்வே மேடையை விடவில்லை.

நோரா, 1974–75

இந்த ஆய்வின் மையம் இதுதான்.

நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு', கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறும் நோராவின் கதை, 1879 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகனில் அரங்கேறியது. முதல் நோரா பெட்டி ஹென்னிங்ஸ். அடுத்த மாதம் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஒஸ்லோ) யோஹான்னே யூல் நடித்தார். இரண்டே ஆண்டில் அவர் இளவயதில் இறந்துபோனார். 1890இல் அவருடைய மகள் யோஹான்னே டிப்வாட் அதே ஊரில் நோராவாக மேடை ஏறி, பிறகு அரை நூற்றாண்டு நார்வே நாடகத்தின் முதல் நடிகையாக விளங்கினார். இன்று ஒஸ்லோவின் தேசிய நாடக அரங்கை ஒட்டிய சதுக்கத்துக்கு அவர் பெயர். அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. ஜெர்மனியிலோ ஹெட்விக் நீமன்-ராபே என்ற புகழ்பெற்ற நடிகை, குழந்தைகளை விட்டுப் போகும் முடிவை நடிக்க மாட்டேன் என்று மறுத்தார். வேறு யாராவது கைவைத்துக் கெடுப்பதைவிடத் தானே செய்வது மேல் என்று இப்சன் மாற்று முடிவொன்றை எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று தானே சொன்னார். நார்வேயில் ஒரு நடிகை நோராவை ஏற்பது என்றால் இத்தனையையும் தோளில் ஏற்றிக்கொள்வது.

லிவ் இந்த வேடத்துக்கு வந்தது 35 வயதில், 1974இல், டெட் நோர்ஸ்கே தியேட்டரில். இயக்குநர் அந்த அரங்கின் தலைவர் டோர்மொட் ஸ்காகெஸ்டாட். இப்சன் எழுதியது நகரத்து எழுத்து மொழியில். ஆகவே இங்கே அவருடைய நாடகமே நியூநோர்ஸ்க்கு மாற்றப்பட்டுத்தான் மேடையேறும். நார்வேக்காரர்களுக்கு மனப்பாடமான வசனங்கள் வேறு வாயில் புதிதாகக் கேட்கும். அதற்கு முந்தைய ஆண்டுதான் பெர்க்மனின் 'ஒரு திருமணத்தின் காட்சிகள்' தொலைக்காட்சித் தொடராக வந்திருந்தது. அதில் லிவ் நடித்த மரியான் கணவனோடு போய்ப் பார்த்துவிட்டு வரும் நாடகமே 'பொம்மை வீடு'தான். ஸ்காண்டிநேவிய வீடுகளில் எல்லாம் கணவன் மனைவி உறவு பேச்சுப்பொருளாக இருந்த நேரத்தில் மரியானின் முகத்தோடு நோரா வந்தாள்.

நோராவை நடிப்பவர்களுக்குக் காலங்காலமாக ஒரு சிக்கல். முதல் அங்கத்தில் இனிப்புத் துண்டை ஒளித்துத் தின்னும், கணவன் 'வானம்பாடி' என்றால் சிறகடிக்கும் பெண், மூன்றாம் அங்கத்தில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தர்க்கம் பேசும் பெண்ணாக எப்படி மாறுகிறாள்? பல நடிகைகள் இரண்டு நோராக்களை நடித்துவிட்டார்கள். லிவ் அந்தப் பாத்திரத்தைப் பற்றித் தன் நூலில் நீளமாக எழுதியிருக்கிறார். தொடக்கத்திலேயே அவள் விவரம் தெரிந்தவள், எல்லோருக்கும் பிடித்தவளாக இருப்பதற்கான விளையாட்டைத் தெரிந்தே ஆடுபவள் என்று பார்த்தால் இரண்டு நோராக்கள் தேவைப்படுவதில்லை.

இப்சன் பிரதியும் இதற்கு இடம் தருகிறது. மூன்றாம் அங்கத்தில், நோரா போலிக் கையெழுத்திட்டு ரகசியமாகக் கடன் வாங்கியதைச் சொல்லும் கடிதத்தைக் கணவன் டோர்வால்ட் படித்துவிட்டுக் கத்துகிறான். அயோக்கியப் பெண் என்கிறான், குழந்தைகளை வளர்க்க விடமாட்டேன் என்கிறான். நோராவுக்கு அங்கே ஓரிரு சொல் பதில்கள்தான். அவள் முகம் மெல்ல மெல்ல இறுகுகிறது என்று இப்சன் குறிப்பு எழுதுகிறார். அடுத்த கடிதம் வந்து ஆபத்து நீங்கியதும் அவன் மன்னித்துவிட்டேன் என்று மகிழ்ச்சியில் நீளமாகப் பேசுகிறான். அவள் உள்ளே போய் வேடத்துணியை மாற்றிக்கொண்டிருக்கிறாள். கதவைச் சாத்தும் ஓசையைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நாடகம் திரும்பும் இடமோ அவள் அவனைக் கேட்டுக்கொண்டு நிற்கும் அந்த நிமிடங்கள். எட்டு ஆண்டாக அவனோடு வாழ்ந்தும் கேட்காத குரலை இப்போதுதான் கேட்கிறாள். ஆன் ஃபிராங்க், க்ரூஷா, எலிசபெத் வழியாக வந்த நடிகைக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் இருக்க முடியாது.

1975இல் ஜோசப் பாப்பின் நியூயார்க் ஷேக்ஸ்பியர் ஃபெஸ்டிவல், லிங்கன் சென்டரின் விவியன் போமான்ட் அரங்கில் இதே நாடகத்தை ஆங்கிலத்தில் மேடையேற்றியது. இயக்கியவர் ஸ்காகெஸ்டாட்தான். டோர்வால்டாக சாம் வாட்டர்ஸ்டன். டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுக்கான பரிந்துரையும் லிவ்வுக்குக் கிடைத்தது. ஒரே ஆண்டு இடைவெளியில், ஒரே இயக்குநரிடம், நியூநோர்ஸ்க்கிலும் அந்நிய மொழியிலும் ஒரே பாத்திரத்தை நடித்தவர்கள் மிகச் சிலர். சொல் கைகொடுக்காத இடத்தில் செவியும் உடலும் கைகொடுக்கும் நடிகையாக இல்லாவிட்டால் இந்தத் தாண்டல் நடந்திருக்காது.

பிராட்வேயின் ஏற்றமும் இறக்கமும்

1977இல் யூஜின் ஓநீலின் 'அன்னா கிறிஸ்டி'. இயக்கியவர் ஓநீல் நாடகங்களில் தோய்ந்த ஹோசே கின்டெரோ. எதிரே ஜான் லித்கோ. மறுபடியும் டோனி பரிந்துரை.

1979இல் 'ஐ ரிமெம்பர் மாமா' என்ற இசை நாடகம். சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியேறிய நார்வே குடும்பத்தின் கதை. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்த கடைசி நாடகம் இது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்கு வருமுன்பே இயக்குநர் மாற்றப்பட்டார், பாடல்கள் மாறின. 108 காட்சிகளோடு முடிந்தது. லிவ் பாடகி அல்ல. நார்வேக்காரி என்பதற்காக நார்வே அம்மா வேடம் என்ற கணக்கு மேலோட்டமானது. இசை நாடகத்தில் பாட்டு வரும்போது நடிகர் அரங்கைப் பார்த்துத் தருபவராக மாற வேண்டும். எதிரில் இருப்பவரிடமிருந்து பெற்று நடிக்கும் அவருடைய வலு அங்கே பயன்படவில்லை.

1982இல் இப்சனுக்கே திரும்பினார்: 'பேய்கள்' நாடகத்தில் திருமதி ஆல்விங். மகன் ஆஸ்வால்டாக கெவின் ஸ்பேசி, அவருக்கு அது முதல் பிராட்வே நாடகம். ஐரோப்பிய அரங்குகள் தொட அஞ்சிய இந்த நாடகம் உலகில் முதன்முதலாக மேடையேறியது 1882இல் சிகாகோவில், ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் முன்னால். சரியாக நூறு ஆண்டு கழித்து ஒரு நார்வே நடிகை அதை அமெரிக்காவில் நடித்தார்.

1985இல் லண்டனில் ஹெரால்ட் பின்டரின் 'பழைய நாட்கள்', மைக்கேல் கேம்பனோடும் நிக்கோலா பேஜெட்டோடும். இதில் அன்னா என்ற பாத்திரம் திரை விலகும்போதே மேடையில் இருக்கிறாள், ஜன்னலோரம், பார்வையாளருக்கு முதுகு காட்டி. முன்னால் கணவனும் மனைவியும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவள் இன்னும் வரவில்லை என்பது கதை. ஆனால் அங்கேயே நிற்கிறாள். முகத்தால் புகழ்பெற்றவர் என்று நாம் நினைக்கும் நடிகை முகமே தெரியாமல் முதுகால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டிய வேடம் இது.

இயக்குநர் இருக்கையில்

1990களிலிருந்து அவர் திரைப்படங்கள் இயக்கினார். மேடையைப் பொறுத்தவரை முக்கியமானது 2009. 'பொம்மை வீடு' நாடகத்தைக் கேட் பிளான்செட்டை வைத்துப் படமாக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அது கைகூடவில்லை. அதற்குப் பதிலாக சிட்னி தியேட்டர் கம்பெனிக்காக டென்னஸி வில்லியம்ஸின் 'ஆசை என்னும் தெருவண்டி'யை லிவ் இயக்கினார்; பிளான்செட் பிளான்ச்சாக, ஜோயல் எட்ஜர்டன் ஸ்டான்லியாக. சிட்னியிலிருந்து வாஷிங்டன், அங்கிருந்து நியூயார்க்கின் புரூக்ளின் என்று பயணம் செய்து பெரும் பாராட்டுப் பெற்றது. ஸ்டான்லியின் கர்ஜனைக்குப் பேர்போன நாடகத்தில் எடை பிளான்ச்சின் பக்கம் சாய்ந்தது. நோராவை உள்ளிருந்து அறிந்த ஒருவர் இயக்கினால் அப்படித்தான் சாயும்.

மேரி டைரோன், 2010

ரிக்ஸ்தியேட்டர் என்பது நார்வேயின் பயணநாடக நிறுவனம். தலைநகருக்கு வர முடியாத மக்களுக்கு நாடகத்தைக் கொண்டுபோவதற்காக அரசே நடத்துவது. போருக்குப் பிறகு நாட்டைக் கட்டியெழுப்பியபோது பள்ளிக்கூடம், சாலை, மின்சாரத்தோடு நாடகமும் மக்களுக்கு உரியது என்று நினைத்த தலைமுறையின் படைப்பு அது. அரங்கப் பொருள்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள்.

நெடுங்கால இடைவெளிக்குப் பிறகு, 71 வயதில், லிவ் நடிகையாகத் திரும்பியது இந்த நிறுவனத்தோடு. ஓநீலின் 'இரவை நோக்கிய நெடும்பகல் பயணம்'. இயக்கம் ஸ்டைன் விங்கே. வேடம் போதை மருந்துக்கு அடிமையான தாய் மேரி டைரோன். உலகின் எந்த நகரமும் அவருக்கு மேடை கொடுத்திருக்கும். அவர் சிறு நகர அரங்குகளைத் தேர்ந்தெடுத்தது எனக்கு இந்த வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த முடிவு.

நான்காம் அங்கத்தின் பெரும்பகுதியில் மேரி மேடையில் இல்லை. மாடியில் அவள் நடக்கும் ஓசை மட்டும் கேட்கிறது. கீழே கணவனும் இரண்டு மகன்களும் குடித்தபடி அந்த ஓசைக்குச் செவி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அவள் பழைய கல்யாண உடையை இழுத்துக்கொண்டு இறங்கி வருகிறாள். அவர்கள் பேசுவது எதுவும் அவளுக்கு எட்டுவதில்லை. அரை நூற்றாண்டாக எதிரில் இருப்பவர் குரலைப் பற்றிக்கொண்டு நடித்தவருக்கு இது தலைகீழ்ப் பரீட்சை. அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் நடிகை கேட்டாக வேண்டும், இல்லையென்றால் தன் வசனம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதே நேரத்தில் மேரிக்கு எதுவும் கேட்கவில்லை என்பதைப் பார்வையாளர் நம்ப வேண்டும். அதை அவர் ஒவ்வோர் ஊரிலும், புதிய அரங்கின் எதிரொலிக்கு ஏற்ப, மறுபடி மறுபடி செய்தார்.